மூன்று நிமிடப் பேச்சு

“வலது கையிலருந்து ஆரம்பிங்க” என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் வெளியிலிருந்தே சொன்னார். திரைக்குள் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

வெளியே ஹீனா கற்பூரம் கரைத்த தண்ணீர் வாளியோடு நின்றிருந்தாள். கடைசித் தடவை ஊற்ற அது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி, மூங்கில் கழிகளில் நான்கு போர்வைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பலகையின் மேல் அவளுடைய அத்தா கௌஸ் பாஷா கிடத்தப்பட்டிருந்தார். குளிப்பாட்ட அவள் கணவன் தானிஷும், அத்தாவின் அண்ணன் பெரியத்தாவும், பள்ளிவாசலிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள்.

“இவருக்கு வலது கை இல்லீங்களே” என்றார் பள்ளிவாசல் ஆள்.

“எது வரைக்கும் இருக்குதோ அது வரைக்கும் கழுவுங்க. மூணு தடவை.”

தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது. போர்வைக்கு அடியில் வழிந்து வந்து ஹீனாவின் செருப்பை நனைத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனது. அவள் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தானிஷ் போர்வையை விலக்கி வாளிக்குக் கை நீட்டினான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“நெஞ்சுல என்னவோ இருக்குது ஹீனா. தோலுக்குக் கீழ உளுந்து உளுந்தா. கையில தட்டுப்படுது.”

“அது இரும்பு” என்றாள். “எடுக்க வேணாம்னு டாக்டருங்க வுட்டுட்டாங்க.”

எட்டு வருஷமாக மருமகனாக இருக்கிறான். மாமனாரைச் சட்டை இல்லாமல் இன்றைக்குத்தான் பார்க்கிறான். வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

காலையில் அத்தா பஜர் தொழுதுவிட்டு வந்து டீ குடித்தார். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், கதவைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அம்மா அதியா அடுப்படியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டோவில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. ஹீனாவுக்கு அன்று காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜூஜூவாடி தாண்டியிருந்தாள். தானிஷ் போன் செய்ததும் டிரைவர் ரோட்டோரம் இறக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் போக மேம்பாலம் தேடி ஒரு கிலோமீட்டர் நடந்தாள். அந்த நடையில் அவள் செய்த முதல் காரியம் மாரம்மாவுக்குப் போன் போட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மாரம்மா உத்தனப்பள்ளியில் இருப்பவள். உறவில்லை. அத்தாவோடு குவைத்துக்குப் போய்த் திரும்பாத ராமப்பனின் மனைவி.

கௌஸ் பாஷாவும் ராமப்பனும் பம்பாயில் ஏஜென்ட் ஆபீஸ் வாசலில்தான் முதன்முதலில் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஓசூர், இன்னொருவர் உத்தனப்பள்ளி. இருபது கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தவர்கள், பம்பாயில் போய் அறிமுகமானார்கள். தொண்ணூற்றொன்றின் கடைசி. குவைத்தில் சண்டை ஓய்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பாலைவனத்தில் அறுந்துபோன கம்பி வேலியைப் பிடுங்கிப் புது வேலி போடுகிற வேலை இருவருக்கும் கிடைத்தது. நான்காம் மாதம் மணலுக்குள் கிடந்த ஒரு சின்னக் குண்டு வெடித்து ராமப்பன் அங்கேயே செத்தான். கௌஸ் பாஷாவின் வலது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரல்கடை மட்டும் மிஞ்சியது. ராமப்பனின் உடல் நாற்பது நாள் கழித்துப் பெட்டியில் வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லி ஆணி அடித்திருந்தார்கள். மாரம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை மாதேஸ்வரி.

ஊர் திரும்பிய கௌஸ் பாஷாவுக்கு, கை இல்லாதவர் என்பதால் அரசாங்கம் எஸ்.டி.டி. பூத் கொடுத்தது. இராயக்கோட்டை ரோட்டிலிருந்து பிரியும் சந்தின் முனையில் மஞ்சள் போர்டு வைத்து உட்கார்ந்தார். செல்போன் வந்து பூத்தை விழுங்கியபோது அதே இடத்தில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் போட்டார். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். எழுத்து எல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து, விழப்போகிற மாதிரி நிற்கும்.

பகல் பன்னிரண்டரைக்கு மாரம்மாவே கூப்பிட்டாள்.

“தக்காளி பொறுக்கப் போயிட்டன் பாப்பா. போனு வூட்டுல கெடந்துச்சு. பத்து தடவை கூப்புட்டு இருக்கற. என்ன?”

ஹீனா சொன்னாள்.

“எப்ப எடுக்கறீங்க?”

“அஸர் தொழுகைக்கு. நாலரைக்கு இங்கருந்து கெளம்புவாங்க.”

“வந்துடறன்” என்று வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குள் எல்லாம் முடிந்திருந்தது. கஃபன் துணி சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இடுப்பிலும் முடிச்சுப் போட்டு, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். சந்து முழுக்க ஆட்கள். சிப்காட் கம்பெனிகளிலிருந்து ஷிப்ட் விட்டு யூனிபார்மோடு வந்தவர்கள், கடைக்குப் பழகிய ஆட்டோக்காரர்கள், கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த பூக்கடைக்காரர்கள். அடக்கமான பேச்சு. ஒருவர் கேட்டார், இன்னொருவர் காலையில் நடந்ததைச் சொன்னார். அப்புறம் புதிதாக ஒருவர் வந்து கேட்டார்.

நாலே காலுக்கு மாரம்மா மறுபடி கூப்பிட்டாள். பஸ் நின்றுவிட்டது. கண்டெய்னர் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டிகள் அசையவில்லை. “நான் எறங்கி நடக்கறன்” என்றாள்.

“எங்க இருக்கீங்க சின்னம்மா?”

“தெரியல. ஒரு பெரிய கம்பெனி காம்பவுண்டு போயிகிட்டே இருக்குது.”

ஹீனா தானிஷைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உத்தனப்பள்ளிச் சின்னம்மா வந்துகிட்டு இருக்காங்க. அரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

“ஜமாத்துல எல்லாரும் காத்துகிட்டு இருப்பாங்க ஹீனா.”

“தெரியும். பைக்கை எடுத்துகிட்டுப் போய்க் கூட்டியாந்துடுங்க.”

“நான் சந்தூக்குக்குத் தோள் குடுக்கணும்.”

பெரியத்தா இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கோபக்காரர் இல்லை. தம்பி செத்த வீட்டில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். “மைய்யத்தை ரொம்ப நேரம் வூட்டுல போட்டு வச்சுகிட்டு இருக்கக் கூடாதும்மா. கட்டுன முடிச்சை அவுத்து அவுத்துக் காட்டவும் முடியாது. அந்தம்மா வரட்டும், வந்து உங்கம்மாவைப் பார்த்துட்டுப் போகட்டும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை.

அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அதியாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. தலையில் முக்காடு போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குரல் உயரவில்லை.

“மச்சான், அவ வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்.”

கூடத்தில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

“அவ புருசனைப் பொட்டியில வச்சு ஆணி அடிச்சுக் கொண்டாந்தாங்க. யாரைப் பொதைச்சோம்னு இன்னும் அவளுக்குத் தெரியாது. இவரு மொகத்தைப் பார்த்துக்கட்டும்.”

பெரியத்தா ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். “தலைமாட்டு முடிச்சை மட்டும் அவுக்கலாம். மொகம் பார்க்கத் தடையில்ல” என்றார். தானிஷ் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் மஞ்சள் துணிப்பையை இறுக்கிக்கொண்டு வந்தாள் மாரம்மா. காலில் செம்மண்ணும் தார்ப்புழுதியும் ஒன்றாக ஒட்டியிருந்தன. தக்காளிச் செடியின் கறை விரல்களில் பச்சையாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருந்தாலும் அது போகவில்லை.

ஆட்கள் விலகினார்கள். பெரியத்தாவே குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

மாரம்மா கிட்டே போகவில்லை. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள். அழவில்லை. ஒருமுறை தலையைச் சாய்த்து இடது பக்கம் பார்த்தாள், பிறகு வலது பக்கம். சந்தையில் ஒரு பொருளைச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, நிதானமாக, நெற்றி, மூக்கு, தாடி எல்லாவற்றையும் பார்த்தாள்.

“சரிங்க” என்றாள் பெரியத்தாவிடம்.

சந்தூக் சந்தைக் கடந்து பள்ளிவாசல் பக்கம் திரும்பியதும் வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து குஸ்காவும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. மாரம்மா அதியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலில் கை வைத்திருந்தாள். முப்பத்துமூன்று வருஷமாக ஆண்டுக்கு ஒருமுறை கௌஸ் பாஷா உத்தனப்பள்ளிக்குப் போவார். ராமப்பன் செத்த நாளில். அதியா வறுத்த சேமியாவைக் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். அந்தப் பாத்திரத்தில் மாரம்மா அவரைக்காயோ ராகியோ போட்டுத் திருப்பி அனுப்புவாள். அவ்வளவுதான் இரண்டு பெண்களுக்கும் இடையில் நடந்த பேச்சு.

ஹீனா தட்டு கொண்டுவந்து வைத்தபோது மாரம்மா துணிப்பையைத் திறந்தாள்.

“பாப்பா, ஒரு வேலை இருக்குது உனக்கு.”

பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு மெல்லிய புத்தகம். வழவழப்பான அட்டை. ஹீனாவுக்கு அதைத் தெரியும். அதேபோல ஒன்று இந்த வீட்டு பீரோவிலும் இருந்தது. பதினேழு வருஷமாக அவள் அதைத் திறந்ததில்லை.

“பாயி எனக்கு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்காரு. ஆனா நான் ஒரு வாட்டிகூட இதைப் படிக்கக் கேக்கல. அவருக்கே இங்கிலீசு வராதே. நீதானே எழுதுனது. எங்க வூட்டுக்காரர் சேதி வர்ற எடத்தைப் படிச்சுக் காட்டு. இனி யாரு வந்து சொல்லப்போறாங்க எனக்கு.”

ஹீனா தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பத்தாவது படித்த வருஷம் அது. வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் கை கால் போனவர்களைத் தேடி டெல்லியிலிருந்து ஓர் ஆள் பூத்துக்கு வந்தார். ஒரு பெரிய குண்டு ஆகாயத்திலேயே திறந்து நூற்றுக்கணக்கான சின்னக் குண்டுகளைக் கொட்டும், அதில் பல வெடிக்காமல் மண்ணில் கிடக்கும், சண்டை முடிந்து வருஷக்கணக்காகியும் ஆடு மேய்க்கிறவனும் வேலி போடுகிறவனும் அதை மிதிப்பான் என்று சொன்னார். உங்கள் கையைப் பறித்தது அதுதான் என்றார். அதுவரை அத்தாவுக்கு அதற்குப் பெயர் இருப்பதே தெரியாது. கொத்துக்குண்டு. அதைத் தடை செய்ய நாடுகள் கூடுகின்றன, அயர்லாந்தில், டப்ளின் என்ற ஊரில். அடிபட்டவர்களே வந்து பேச வேண்டும் என்றார்.

அத்தா ஒரு வாரம் யோசித்துவிட்டு, “ராமப்பன் பேரைச் சொல்லலாமா?” என்று கேட்டார். சொல்லலாம் என்றார் டெல்லிக்காரர்.

பூத்துக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தா சொல்லச் சொல்ல ஹீனா எழுதினாள். தமிழில் எழுதி, பிறகு பள்ளிக்கூட இங்கிலீஷில் மாற்றினாள். ஐந்து பக்கம் வந்தது. பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான், அதனால் உங்களுக்கு நடந்ததை மட்டும் வையுங்கள் என்று.

அத்தாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. தானே உட்கார்ந்து வெட்டினாள். பம்பாய் போனது, ஒரே பிளைட்டில் போனது, மணலில் கிடந்ததை ராமப்பன் எடுத்தது, பெட்டி வந்தது. எல்லாவற்றையும் எடுத்தபிறகு இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க இரண்டு வரி எழுதினாள். மணலில் ஒரு வெள்ளை நாடாவைப் பார்த்தேன். அதை எடுத்தேன். வகுப்பில் கட்டுரையைச் சுருக்கி எழுதச் சொல்லும்போது செய்வதைப் போலத்தான் செய்தாள். சரியாக ஒரு பக்கம் வந்தது.

டப்ளினில் அத்தா தமிழில் வணக்கம் சொல்லித் தன் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னார். மீதியை ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தத் தாளைப் பார்த்துப் படித்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நூறு நாடுகளுக்கு மேல் அந்தத் தடை ஒப்பந்தத்தை ஒத்துக்கொண்டன. அத்தா ஜூன் முதல் வாரம் திரும்பி வந்து, மறுநாளே உத்தனப்பள்ளிக்கு பஸ் ஏறினார்; பேச்சுகளை அச்சடித்த புத்தகம் அடுத்த வாரம் தபாலில் வந்ததும் மறுபடி போய் ஒன்றைக் கொடுத்தார். உன் வீட்டுக்காரர் பேரை நூறு நாட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஹீனா அதை மறுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. பன்னிரண்டாவது வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது.

“எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குதா?” என்றாள் மாரம்மா.

“இருக்குது.”

அத்தாவின் போட்டோ இருந்த பக்கத்தைத் திறந்தாள். கோட்டு போட்டு, அதன் காலியான கையை மடித்துப் பின் குத்தி, மைக் முன்னால் நின்றிருந்தார். எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதிய இங்கிலீஷ். அதன் கீழே, பக்கத்தின் அடியில் மிஞ்சியிருந்த வெள்ளை இடத்தில், நீல மையால் வலப்பக்கம் சாய்ந்த தமிழ் எழுத்துகள்.

ராமப்பன். உத்தனப்பள்ளி. வயது 26. முதலில் எடுத்தது இவன். என்னிடம் நீட்டினான்.

கீழே தேதி. 12.6.2008.

ஹீனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்த ஒரு வாரத்தில். கடைக்கு வந்த யாரிடமாவது படிக்கக் கொடுத்தாரா, சிம் கம்பெனிப் பெயர்களைக் கூட்டிப் படிப்பதுபோல எழுத்துக் கூட்டித் தானே தேடிப் பார்த்தாரா, தெரியவில்லை. பதினேழு வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் டெல்லியிலிருந்து கடிதங்கள் வந்தன. பதில் எழுத அவளைத்தான் கூப்பிட்டார், கல்யாணமான பிறகும். ஆனால் எந்தக் கடிதமானாலும் முதல் வரியிலேயே ராமப்பன் பெயரைச் சொல்லித் தொடங்குவார். போன மார்ச்சில், ஐரோப்பாவில் ஒரு நாடு அந்த ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொண்டது என்று செய்தி வந்தபோதும் அப்படித்தான். “நானும் ராமப்பனும் கேக்கறோம்னு எழுது. போட்ட கையெழுத்தை அழிக்கலாமான்னு எழுது” என்றார். வயசாக ஆகச் சொன்னதையே சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் வரியை யாரும் வெட்ட மாட்டார்கள்.

“இது பாயி எழுதுனது” என்று மாரம்மா விரலால் தொட்டுக் காட்டினாள். “இங்க மட்டும் எனக்குப் படிக்க வரும். மேல இருக்கறதைப் படி.”

ஹீனா படிக்க ஆரம்பித்தாள். கண் இங்கிலீஷ் வரிகள்மேல் போனது. வாயில் வந்தது வேறு. ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிய ஐந்து பக்கமும் அவளுக்கு மறந்திருக்கவில்லை.

“நானும் ராமப்பனும் ஒரே பிளைட்டுல போனோம். அவனுக்கு ஜன்னல் சீட்டு. பாதி தூரம் வந்ததும் எழுந்து என்னை உக்கார வச்சான். அங்க டென்ட்ல அவன்தான் களி கிண்டுவான். ராகி கெடைக்காது, கோதுமை மாவுலயே கிண்டுவான். வாயில வைக்க முடியாது. மணல்ல வெள்ளை நாடா ஒண்ணு காத்துல ஆடிகிட்டு இருந்துச்சு. அவன்தான் பாத்தான். தோண்டி எடுத்தான். டார்ச் லைட்டு மாதிரி இருந்துச்சு. பாயி இதைப் பாரு, நாடா நல்லா இருக்குது, பாப்பாவுக்குத் தலையில கட்டலாம்னு சொல்லி என்கிட்ட நீட்டுனான். நான் வாங்கறதுக்குக் கையை நீட்டுனேன்.”

அவள் நிறுத்தினாள். அதியா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரம்மா பக்கத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

“இவ்வளவும் இந்த ஒரு பக்கத்துலயா இருக்குது?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சின்ன எழுத்து என்று சொல்லியிருக்கலாம்.

“இல்ல சின்னம்மா” என்றாள் ஹீனா. “இதுல இல்ல. அத்தா சொன்னாரு. நான் எடுத்துட்டேன். அவரு பேரே இதுல இல்ல. அத்தாதான் எடுத்தாருன்னு போட்டிருக்கேன்.”

வெளியே பெரிய வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஏன்?”

“மூணு நிமிசந்தான் குடுத்தாங்க.”

மாரம்மா மூன்று விரலை மடித்துப் பார்த்தாள்.

“மூணு நிமிசமா” என்றாள். “அதுல ரெண்டு பேரு எங்க புடிக்கும்.”

புத்தகத்தை வாங்கிக் கவருக்குள் நுழைத்தாள். கவரின் வாயை இரண்டாக மடித்தாள். கைகள் மெதுவாகத்தான் நகர்ந்தன.

“தலையில கட்டலாம்னு சொன்னாராமா?”

“ஆமா.”

“இதைப் பாயி சொல்லவே இல்லியே.” கவரைப் பைக்குள் வைத்தபடி, “மாதேஸ்வரிக்கு அப்ப முடியே கெடையாது. மொட்டை” என்றாள்.

அதியா தட்டை அவள் பக்கம் தள்ளினாள். மாரம்மா சாப்பிட்டாள். முழுதாகச் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

ஆறு மணிக்கு ஹீனா அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். கபர்ஸ்தானில் அடக்கம் முடித்து ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரம் எல்லாம் ஒரே நிற யூனிபார்மில் பெண்கள் தூங்கிக்கொண்டு போனார்கள்.

“நம்ம நாடு அந்தக் குண்டுத் தடையில கையெழுத்துப் போட்டுருச்சா?” என்று மாரம்மா கேட்டாள்.

“இல்ல. இன்னும் போடல.”

“வருசா வருசம் பாயிகிட்ட கேப்பன். இதையேதான் சொல்லுவாரு.”

இராயக்கோட்டை பஸ் வந்தது. கூட்டம். மாரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். படியில் நின்று திரும்பி, “உங்கம்மாவைச் சாப்பிட வையி” என்றாள். “எங்க வூட்டுக்காரர் நாளுக்கு இனி நீ வந்துடு. அவரு வர்ற எட்டு மணி பஸ்ஸுல வா. அதான் வூட்டு முன்னால நிக்கும்.”

ஹீனா வருகிறேன் என்று சொன்னது பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது கடை ஷட்டரின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவள். கையில் பைல் வைத்திருந்தாள். ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஹீனாவைப் பார்த்தாள்.

“ஜெராக்ஸ் பாய் இல்லே?”

“இல்ல.”

“காலை கம்பெனி ஜாயினிங். ஆதார் காப்பி வேணும். எல்லா கடையும் கரண்ட் இல்லே சொல்றான்.”

இந்த வரிசையில் மட்டும் விளக்கு எரிந்தது. சாவி காலையிலிருந்து ஹீனாவின் இடுப்பிலேயே இருந்தது. குனிந்து பூட்டைத் திறந்து ஷட்டரைப் பாதிவரை தூக்கினாள். மெஷின் சூடாவதற்கு நேரம் எடுத்தது. அந்தப் பெண் வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹீனா அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை இறக்கினாள். மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது.

வந்த தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்தில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் விழவில்லை.

அட்டையைச் சற்று உள்ளே நகர்த்தி வைத்து மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.